துரைசாணியின் வெள்ளைச் சப்பாத்து

மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரின் வறுமையைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் ஓர் உபதேசமும் தவறாமல் எழுகிறது. "கலியாணத்துக்கும் காதுகுத்துக்கும் கடன் வாங்கிக் கெட்ட சனங்கள், கையில் காசு தங்காது, சிக்கனம் கற்காதவரை சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் பயனில்லை" என்பது அதன் சாரம். மேடையில் சொல்கிறார்கள், நிர்வாக அலுவலகங்களில் சொல்கிறார்கள், ஆசிரியர் ஓய்வறைகளிலும் சொல்கிறார்கள் என்பதை வருத்தத்தோடு குறிப்பிட வேண்டியிருக்கிறது.

இப்படி உபதேசம் செய்கிறவர்களே விடுமுறையில் நுவரெலியாவுக்கு வருகிறார்கள். விடுதியாக மாற்றப்பட்ட பழைய பங்களா ஒன்றில் தங்குகிறார்கள். சுவரில் மாட்டிய துரைமார் திருமணப் படங்களின் முன்னே நின்று, "அந்தக் காலத்து வெள்ளைக்காரன் ரசனையே ரசனை!" என்று பெருமூச்சு விடுகிறார்கள். வெள்ளை உடை, வெள்ளைக் கையுறை, வெள்ளைப் பாதரட்சை எல்லாம் அவர்களுக்கு நாகரிகத்தின் அடையாளமாகப் படுகின்றன.

உபதேசமும் வியப்பும் ஒரே வாயிலிருந்து வருவதை நாம் கவனிக்க வேண்டும். பங்களாவில் நடந்த திருமணச் செலவு ரசனை. லயத்தில் நடந்த திருமணச் செலவு ஊதாரித்தனம்! இந்த நியாயத்தை நாம் ஏற்க மறுக்கிறோம். ஏன் மறுக்கிறோம் என்பதை ஒரு சோடிச் சப்பாத்தை முன்வைத்தே விளக்க விரும்புகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீமைக்கு எழுதிப்போட்டுத் தபாலிலும் கப்பலிலும் தருவிக்கப்பட்ட மணப்பெண் சப்பாத்துத்தான் அது. சிறிய பொருள்தான். ஆனால் சிறிய பொருளின் வரவுசெலவை ஒழுங்காகப் பார்த்தால் பெரிய பொருளாதாரத்தின் கள்ளக்கணக்கும் வெளிப்பட்டுவிடும்.

1840ஆம் ஆண்டில் மூன்று காரியங்கள் நடந்தன. ஜனவரியில் பிரிட்டனில் ஒரு பென்னித் தபால் நடைமுறைக்கு வந்தது. நாட்டின் எந்த மூலைக்கும் ஒரே மலிவான கட்டணத்தில் கடிதம் போயிற்று. பெப்ரவரி 10ஆம் நாள் விக்டோரியா மகாராணி ஆல்பர்ட்டை மணந்தார். அவர் அணிந்த வெள்ளைச் சாட்டின் பட்டு மணப்பெண் கோலத்துக்கு மாதிரியாயிற்று. அதே ஆண்டில் இலங்கையில் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் சட்டம் பிறந்தது. உரிமைப் பத்திரம் காட்ட முடியாத காடும் சேனையும் முடிக்குச் சொந்தமெனக் கொள்ளப்பட்டன. கண்டிச் சீமையின் சிங்களக் குடியானவன் தலைமுறை தலைமுறையாகப் புழங்கிவந்த நிலம் கோப்பித் தோட்டக்காரருக்கு மலிவு விலையில் கைமாறியது.

தபால் வியாபாரத்துக்கு வழி, மணக்கோலத்துக்கு மாதிரி, தோட்டத்துக்கு நிலம். மூன்றும் ஒரே ஆண்டில் நிகழ்ந்தது தற்செயலாக இருக்கலாம். அம்மூன்றும் பின்னர் ஒரே பங்களாவின் வாசலில் வந்து கூடியதைத் தற்செயல் என்று நாம் சொல்லமாட்டோம்.

மகாராணியின் அந்தச் சப்பாத்து இன்று இங்கிலாந்தின் நார்த்தாம்டன் நகர அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. குதிகால் உயரமில்லாத, மெல்லிய அடித்தோல் வைத்த, நாடாவால் கட்டப்படும் சாட்டின் சப்பாத்து. அந்தக் காலத்தில் இத்தகைய பெண்கள் சப்பாத்துகள் பெரும்பாலும் இடம் வலம் என்ற பேதமில்லாமல், இரு காலுக்கும் ஒரே வார்ப்பில் தைக்கப்பட்டன. மழைத்துளி பட்டால் கறைபடும். சேற்றில் ஓரடி வைத்தால் அதன் ஆயுள் முடிந்தது. நடப்பதற்கென்று செய்யப்பட்ட பொருள், நடந்தால் கெட்டுப்போகிறது! அப்படியானால் அதன் பயன் என்ன? அணிந்திருப்பவள் சேற்றில் கால் வைக்கத் தேவையற்றவள் என்று ஊருக்கு அறிவிப்பதே அதன் பயன். அமெரிக்கப் பொருளியலறிஞர் தோர்ஸ்டீன் வெப்லன் 1899இல் வெளியிட்ட 'ஓய்வு வர்க்கத்தின் கோட்பாடு' என்ற நூலில் இந்த உண்மையை உடைத்துச் சொன்னார்: உழைக்க இயலாதபடி உடுத்துவதே உழைக்கத் தேவையில்லாதவர்களின் பெருமை.

இத்தகைய பொருள் லிந்துலை மலைக்கு எப்படி வந்து சேர்ந்தது?

1861இல் வேல்ஸ் நாட்டு நியூடவுனில் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் என்ற துணி வியாபாரி, தபாலில் கட்டளை பெற்று ரயிலில் சரக்கனுப்பும் வியாபாரத்தைத் தொடங்கினார். 1871இல் லண்டனில் பிரிட்டிஷ் படை அதிகாரிகள் தமக்கென ஓர் 'இராணுவ, கடற்படைக் கூட்டுறவுச் சங்கம்' அமைத்தார்கள். கூட்டுறவு என்ற சொல்லைக் கவனியுங்கள். 1844இல் ராச்டேல் நகர நெசவாளிகள் கலப்படமற்ற மாவும் வெண்ணெயும் நியாய விலைக்குக் கிடைப்பதற்காகக் கண்டுபிடித்த ஆயுதம் அது. அதே ஆயுதத்தை அதிகாரிகள் வர்க்கம் தன் சுகபோகங்களை மலிவாக்கிக்கொள்ளப் பயன்படுத்தியது. அச்சங்கத்தின் தடித்த விலைப்பட்டியல் சாம்ராஜ்யத்தின் மூலைமுடுக்கெல்லாம் போயிற்று. ஊசி முதல் கூடாரம் வரை, மணப்பெண்ணின் உடை முதல் கல்லறைக் கல் வரை, பட்டியலைப் பார்த்து எழுதிப்போட்டால் போதும், சரக்கு கப்பலேறியது.

சப்பாத்துக்கு அளவு வேண்டுமல்லவா? அதற்கும் வழி சொல்லப்பட்டிருந்தது. ஒரு தாளை விரித்து அதன்மேல் காலூன்றி நிற்க வேண்டும். பென்சிலால் காலைச் சுற்றிக் கோடு வரைய வேண்டும். விரல்முட்டு, மேற்பாதம், குதிகால் ஆகியவற்றின் சுற்றளவை நாடாவால் அளந்து குறிக்க வேண்டும். அந்தத் தாள் ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்தது. ஒரு பெண்ணின் பாதம் எங்கே அகன்றது, எங்கே ஒடுங்கியது, எந்த விரல் சற்று நீண்டது என்பதெல்லாம் லண்டன் கடையின் ஏட்டில் பதிவாயிற்று.

லிந்துலைப் பக்கத்துப் பங்களா ஒன்றுக்கு இப்படியொரு பொட்டலம் வரும் வழியை எண்ணிப் பார்ப்போம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கடல்வழி குறுகியது. கொழும்பில் இறங்கிய சரக்கு முதலில் மாட்டுவண்டியில் மலையேறியது. 1884இல் ஹட்டன் வரைக்கும், 1885இல் தலவாக்கலையைக் கடந்து நானுஓயா வரைக்கும் ரயில்பாதை நீண்டபின் ரயிலேறியது. அந்தப் பாதை தோட்டங்களுக்காகப் போடப்பட்டது. தேயிலை இறங்கிய வழியில் சாட்டின் ஏறிற்று. தபாலகத்திலிருந்து பங்களாவுக்குக் கடிதமும் பொட்டலமும் சுமந்து வருவது 'தபால்கூலி' என்று பெயர்பெற்ற தொழிலாளியின் வேலை. நாள்தோறும் மழையிலும் பனியிலும் ஏற்ற இறக்கங்களில் அவன் வெறுங்காலோடு நடந்தான். ஒருமுறைகூடத் தரையில் அழுந்தாத சப்பாத்து, ஒருமுறைகூடச் சப்பாத்தணியாத காலின் உதவியால் வந்து சேர்ந்தது!

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். சீமையில் அந்தச் சப்பாத்தைத் தைத்த கைகளோடு நமக்குப் பகையில்லை. நார்த்தாம்டன் சப்பாத்துத் தொழிலாளர் 1850களின் இறுதியில் தையல் இயந்திரம் தம் பிழைப்பைப் பறிக்கும் என்று கண்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள். 1895இல் முதலாளிகளின் கதவடைப்பை நாடு தழுவி எதிர்த்து நின்றவர்களில் அவர்களும் உண்டு. 1880இல் நாத்திகரான சார்ல்ஸ் பிராட்லாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது அந்த நகரந்தான். அவரை ஆசனத்தில் அமரவிடாமல் சபை விரட்ட விரட்ட, 1886இல் அவர் அமரும்வரை திரும்பத் திரும்பத் தேர்ந்தெடுத்ததும் அதே நகரந்தான். அந்தப் பிராட்லாவின் கருத்துக்களைச் சென்னையில் 1880களில் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ்ப் பத்திரிகை பரப்பியதை நம் வாசகர் அறிவர். சப்பாத்து முதலிய தொழில்களில் வீட்டுக்கு வேலை வாங்கிச் சென்று கண் மங்கத் தைத்த ஏழைகளின் நிலையை 1888 முதல் பிரபுக்கள் சபையின் குழுவே விசாரிக்க நேர்ந்தது. லிந்துலையில் கொழுந்து கிள்ளியவளும் லண்டனில் பட்டுத் தைத்தவளும் ஒரே கொடுமையின் இரு முனைகளில் இருந்தார்கள்.

இன்னொரு முனையும் இருக்கிறது. அது நம் ஊரிலேயே இருக்கிறது.

பிரிட்டிஷ் சப்பாத்துத் தொழிலுக்குத் தோல் எங்கிருந்து போயிற்று? பல நாடுகளிலிருந்தும் போயிற்று; அவற்றுள் சென்னை மாகாணம் முக்கியமானது. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னைத் தோலுக்கு லண்டன் சந்தையில் தனிப்பெயரே இருந்தது. தோலை உரித்தவர்கள், ஊறவைத்தவர்கள், சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி மிதித்தவர்கள் யார்? 'தீண்டத்தகாதவர்' என்று ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள். திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் பஞ்சம் துரத்த வந்தவர்களில் பள்ளர், பறையரோடு, தலைமுறையாகச் செருப்புத் தைத்த அருந்ததியரும் இருந்தார்கள். ஊருக்கெல்லாம் செருப்புத் தைத்துக் கொடுத்தவன், மேல்சாதித் தெருவில் அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கவேண்டும் என்பது சாதி தருமம். மன்னார்க் கரையிலிறங்கி மாத்தளைக் காட்டுவழியே நூற்றைம்பது மைல் அவன் வெறுங்காலோடு நடந்தான். வழியில் காய்ச்சலிலும் பேதியிலும் விழுந்தவர்கள் ஆயிரமாயிரம். மலைக்கு வந்து சேர்ந்தபின் அவனுக்குப் புதிய மேல்சாதி ஒன்று காத்திருந்தது: துரைக்கு எதிரே வந்தால் குடையை மடக்கு, தலைப்பாகையை அவிழ், காலில் ஏதாவது இருந்தால் கழற்று. சாதிப் பிரபுத்துவத்தின் சட்டத்தை ஏகாதிபத்தியம் ஒரு மாற்றமுமின்றி எடுத்துக்கொண்டது. இரண்டும் கைகோத்து நின்றதை மறைத்துவிட்டு மலைநாட்டுச் சரித்திரம் எழுத முடியாது.

இனிக் கடனுக்கு வருவோம். உபதேசிகளின் பிரதான ஆயுதம் அதுதானே!

இராணுவ, கடற்படைச் சங்கம் ரொக்கத்துக்கே விற்றது. ஆகவே துரை கடன்படவில்லை என்று யாரேனும் வாதிடலாம். அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது? கோப்பித் தோட்டங்களில் மிகப்பல, கொழும்பின் ஏஜென்சிக் கம்பனிகளும் வங்கிகளும் வரப்போகும் விளைச்சலை நம்பிக் கொடுத்த முற்பணத்தில் நடந்தவை. துரையின் சம்பளம், பங்களாவின் வைன், மணமகளின் கப்பற்செலவு எல்லாம் நாளைய அறுவடையின்மேல் வாங்கிய கடனே. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் கோப்பியைத் தின்று தீர்த்தபோது அந்தக் கடன் மாளிகை சரிந்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி கதவை மூடியது. அப்போது நடந்ததென்ன? கவர்னர் கோர்டன் அவ்வங்கியின் நோட்டுகளுக்கு அரசாங்கப் பொறுப்பளித்து வர்த்தக உலகத்தைக் கைதூக்கிவிட்டார். கைவிடப்பட்ட தோட்டங்களில் மாதக்கணக்கில் கூலி பாக்கி நின்ற தொழிலாளிக்கு அந்த வேகத்தில் கைகொடுக்க யாரும் வரவில்லை. துரைமார் கூட்டத்தைப் பார்த்து, "நீங்கள் பட்டுச் சப்பாத்து வாங்கிக் கெட்டீர்கள்" என்று உபதேசம் செய்தவரும் இல்லை.

தொழிலாளியின் கடன் வேறு இனம். அவன் ஊரில் வண்டியேறும் முன்பே அது தொடங்கியது. வழிச்செலவு, அரிசி, கம்பளி, கங்காணி கொடுத்த முற்பணம் ஆகியவையெல்லாம் அவன் தலையில் ஏறின. அவனை வேலைக்குக் கொண்டுவந்ததற்காகக் கங்காணிக்குத் தலைக்காசு. கொண்டுவந்த செலவு மட்டும் தொழிலாளியின் கடன்! பிறகு பிள்ளை பிறந்தால் கடன், செத்தால் கடன், கலியாணமென்றால் கடன். பரிசம், தாலி, ஒரு சேலை, லயத்துச் சனத்துக்கு ஒருவேளைச் சோறு, இவைதாம் அந்த 'ஆடம்பரம்'. கூலியோ அந்தச் செலவை ஒருபோதும் தாங்காது. கூலிக்குச் சட்டம் வந்தபிறகுகூட நிலை என்ன? 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி உயர்ந்த மலைப்பகுதிக்கு நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச நாட்கூலி ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், குழந்தைக்கு 32 சதம். கொழுந்து கிள்ளி இந்நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான கூலி கிடைத்தது 1984இல்தான்.

தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போகவேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுத்த கடுதாசித் துண்டு அது. புதிய துரை அத்தொகையைக் கட்டி ஆட்களை எடுத்துக்கொள்வான். கடன் மட்டும் ஆளோடு கூடவே போகும். துண்டில்லாமல் புறப்பட்டால் 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது குற்றம், சிறைவாசம் உண்டு. 1921இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. துரை கடன்பட்டுத் திருமணம் செய்தால் வங்கி ஏட்டில் ஒரு வரி கூடியது. தொழிலாளி கடன்பட்டுத் திருமணம் செய்தால் அவனும் அவன் மனைவியும் விலைகுறித்த சரக்கானார்கள். கடனுக்கும் கடனுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கையில், தொழிலாளியின் குணத்தில் குற்றம் தேடுவது அறிவாகுமா?

கடுதாசி என்றதும் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சப்பாத்தைத் தபாலில் வரவழைத்த அதே வர்க்கம் ஆட்களையும் ஏறக்குறைய அப்படித்தான் வரவழைத்தது. 1901 வாக்கில் 'தகரச் சீட்டு' முறை வந்தது. மாவட்டத்தின் எழுத்தும் தோட்டத்தின் எண்ணும் பொறித்த தகர வில்லையைத் தோட்டம் தமிழ்நாட்டிலிருக்கும் கங்காணிக்கு அனுப்பும். கங்காணி அதைப் புதிதாகச் சேர்த்த ஆளிடம் கொடுப்பான். அந்த வில்லையைப் பார்த்து வழியிலுள்ள அதிகாரிகள் ஆளை உரிய தோட்டத்துக்கு அனுப்பி, செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். பொட்டலத்தின்மேல் விலாசம் ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? சப்பாத்துக்காவது அணியப்போகும் காலின் அளவு கேட்கப்பட்டது. ஆளுக்கு எண் போதுமானதாக இருந்தது.

வெறுங்காலைப் பற்றி அன்றைய ஆட்சிக்குத் தெரியாது என்று யாரும் தப்பிக்கவைக்க வேண்டாம். கொக்கிப்புழு மண்ணிலிருந்து மனிதனின் தோலைத் துளைத்து உடலில் புகுகிறது என்பதை 1898இல் கெய்ரோவிலிருந்த ஆர்தர் லூஸ் கண்டறிந்தார். இரத்தத்தை உறிஞ்சி மனிதனைச் சோகையால் வீழ்த்தும் இந்தப் புழு தோட்ட லயங்களைச் சூறையாடிக்கொண்டிருந்தது. 1916இல் ராக்பெல்லர் நிறுவனத்தார் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் ஒழிப்பு இயக்கம் தொடங்கினார்கள். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது, வெறுங்காலோடு அதே மண்ணில் நடந்தவனுக்கு மறுபடியும் ஏறியது. நிரந்தர நிவாரணம் மலசலகூடமும் காலில் கவசமுந்தான் என்பதை அறிய வைத்திய மேதை தேவையில்லை. ஆனால் கூடம் கட்டச் செலவாகும், மருந்து மலிவு, ஆகவே தோட்ட முதலாளிகளில் பெரும்பாலோர் மருந்தை விரும்பினார்கள். சோம்பேறி என்று பட்டம் சூட்டப்பட்ட தொழிலாளி எத்தனை பேர் உண்மையில் சோகை பிடித்த நோயாளிகள்! பிரட்டுக்கு நேரம் தவறினால் 'அரைப்பேர்' போட்ட கணக்கப்பிள்ளையின் செக்ரோலில் கொக்கிப்புழுவுக்கு இடமில்லை. அட்டைக் கடியோ கணக்கிலேயே வராது. உப்பும் புகையிலையும் சவர்க்காரமும் தடவிக்கொண்டு பெண்கள் மழைமலையில் நின்றார்கள். பாதரட்சை மிகவும் தேவைப்பட்ட கால்களுக்கு அது மறுக்கப்பட்டது. தரையே மிதிக்காத காலுக்கு அது கடல்கடந்து வந்தது.

திருமணத்துக்கும் இந்த மக்களின் தலைவிதிக்கும் இன்னொரு முடிச்சும் உண்டு. பங்களாத் திருமணம் தேவாலயப் பதிவேட்டில் ஏறியது. துரையின் பெயரும் தோட்டத்தின் ஏக்கரும் பெர்குசன் டைரக்டரியில் அச்சாயின. லயத்துத் திருமணம் மாரியம்மன் கோயில் முற்றத்தில் ஊரறிய நடந்தது. பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. ஏற்றிவைக்க வேண்டியவர்களுக்கு அந்த அக்கறையும் இல்லை. 1947 தேர்தலில் இப்பகுதி மக்கள் தம் சொந்த வாக்கால் சி. வி. வேலுப்பிள்ளையைத் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். அடுத்த ஆண்டிலேயே சுதந்திர இலங்கையின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இன் 3ஆம் இலக்கச் சட்டமோ விண்ணப்பித்துப் பெறலாம் என்றது, எப்படி? மணமானவராயின் 1946க்கு முந்திய ஏழாண்டுகள், மணமாகாதவராயின் பத்தாண்டுகள் இடையறாமல் இங்கே வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். மணமானவர் தம் மனைவி மக்களின் வாசத்தையும் நிரூபிக்க வேண்டும். நூறாண்டுகாலம் இவர்களின் கலியாணத்துக்கு ஒரு கடுதாசியும் தராதிருந்த அரசு, திடீரென்று கடுதாசி எங்கே என்று கேட்டது! கடன் எழுதிய துண்டு இருந்தது. மணம் எழுதிய தாள் இல்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்தார்கள். எஞ்சியவர்களுக்குப் பிரசாவுரிமை கிடைக்க 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரவேண்டியிருந்தது.

பழையதைக் கிளறுவானேன் என்று நம் அன்பர்கள் சிலர் கேட்பார்கள். பழையது பழையதாக இல்லை என்பதே நம் பதில். 1,000 ரூபாய் நாட்கூலி கேட்டு ஆண்டுக்கணக்கில் வீதியில் நின்றபின் 2021இல்தான் அது கிடைத்தது. 2024 செப்டம்பரில் 1,350 ரூபாய் வர்த்தமானியில் வந்தது. அதற்குள் நாட்டின் பொருளாதார வீழ்ச்சி ரூபாயின் பெறுமதியை விழுங்கியிருந்தது. கங்காணியின் முற்பணம் போய், நுண்கடன்காரனின் வாராந்தத் தவணை வந்திருக்கிறது. கதவைத் தட்டுகிறவன் மாறினான், தட்டப்படும் கதவு மாறவில்லை. தேயிலைச் செடிகளிடையே மணக்கோலப் படமெடுக்க வருகிறவர்கள் பின்னணியில் கொழுந்துக்கூடையோடு பெண்கள் நிற்பதை அழகென்கிறார்கள். அவள் காலிலிருப்பது தேய்ந்த றப்பர்ச் செருப்பா, வெறுங்காலா என்பது படத்துக்குள் வருவதில்லை. கடலுக்கு அப்பால் திருப்பூர் மாவட்டத்து ராஜாவூரில் அருந்ததியர் அறுபது பேர் காலில் செருப்போடு ஒரு தெருவில் நடந்தது செய்தியானது 2023 டிசம்பரில். அந்தச் செய்தியைப் படித்தபின்னும் சப்பாத்து ஒரு சில்லறை விஷயம் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

தொழிலாளர் திருமணங்களில் வீண்செலவே இல்லை என்று நாம் வாதாடவில்லை. சீதனம் இருக்கிறது, சாதி பார்த்துப் பெண்ணெடுப்பது இருக்கிறது, பெரிய கங்காணி வீட்டுக் கலியாணத்தைப் பார்த்துச் சூடுபோட்டுக்கொள்ளும் மனப்பான்மையும் இருக்கிறது. இவற்றை எதிர்க்க வேண்டும், எதிர்க்கிறோம். ஆனால் அந்தச் சீர்திருத்தத்தைப் பேசும் உரிமை, கூலிப் போராட்டத்தில் தோளோடு தோள் நிற்பவனுக்கே உண்டு. கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு சிக்கனம் போதிப்பவனுக்கு இல்லை. வாழ்நாளெல்லாம் பேர் எண்ணில் கூலிக்காரியாக நின்ற ஒரு பெண், ஒருநாள் தன் பெயரோடு தன் சனத்தின் நடுவே மணையில் அமர விரும்பினாள். அந்த ஆசையை ஊதாரித்தனம் என்பவன் மனிதனின் மதிப்பை அறியாதவன். இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளை கைத்தொலைபேசியில் படம் பார்த்துத் தன் கலியாணத்துக்குச் சப்பாத்து வரவழைத்தால் நாம் முகம் சுளிக்கமாட்டோம். துரைசாணிக்கு ஆகுமென்றால் அவளுக்கும் ஆகும். அவள் அதைக் கடனில்லாமல் வாங்கும் கூலிக்காகவே நாம் பேசுகிறோம்.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. பின்தங்கிய பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்து வாங்க அண்மை ஆண்டுகளில் அரசாங்கம் வவுச்சர் கொடுத்து வந்திருக்கிறது, நல்லது. ஆனால் கிழிந்த சப்பாத்தோடும் செருப்போடும் வரும் பிள்ளையை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் வழக்கம் எங்கேனும் இருந்தால் அதை இன்றே ஒழியுங்கள். காலைப் பார்த்து மனிதனை அளந்த துரைத்தனத்தின் எச்சம் அது. பாடப்புத்தகத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் தேயிலை நட்டார் என்று படிக்கும் மாணவன், குழிவெட்டியவனின் காலைப் பற்றியும் படிக்கட்டும். ரயில் வந்த ஆண்டைச் சொல்லும்போது துண்டு ஒழிந்த ஆண்டையும் சொல்லுங்கள். பாட்டி தாத்தாவின் கலியாணம் எந்தத் தோட்டத்தில், எந்த மாதத்தில் நடந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். எந்த ஏட்டிலும் ஏறாதது மாணவனின் கொப்பியிலாவது ஏறட்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. மலையில் நிற்கும் காலுக்குச் சப்பாத்து என்பது கத்தியும் கூடையும் போல வேலைக்கருவி. அதைத் தொழிலாளி தன் சம்பளத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும், பண்டிகைக்கு யாரோ ஒரு தர்மவான் கொடுக்கட்டும் என்பதும் ஒருபோதும் ஏற்கத்தக்கதல்ல. அட்டையும் முள்ளும் வழுக்கலும் மருந்துத் தெளிப்பும் உள்ள மலைக்கு ஏற்ற கால்கவசத்தை, ஒவ்வொருவரின் காலையும் அளந்து, நிர்வாகமே தன் செலவில் தரவேண்டும். பழுதானால் மாற்றித்தர வேண்டும். அடுத்த கூட்டு ஒப்பந்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் கூலிக்கும் காணிக்கும் வீட்டுறுதிக்கும் அடுத்ததாக இதுவும் எழுதப்பட வேண்டும்.

துரைசாணியின் காலை அளந்து ஒரு தாளை ஆயிரக்கணக்கான மைல் அனுப்ப அந்தக் காலத்தில் முடிந்தது. கொழுந்து கிள்ளும் பெண்ணின் காலை அவள் நிற்கும் மலையிலேயே அளக்க இந்தக் காலத்தில் முடியாதென்று எந்த நிர்வாகமும் சொல்ல முடியாது.